பின்னால் போகாத கார்

1996-ஆம் வருசம், சித்திரை மாசம். வெள்ளகோவிலுக்குத் தெற்கே ஒரு இட்டேரி. காலையில் பத்து மணி இருக்கும்.

இட்டேரி தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ரெண்டு பக்கமும் தோட்டத்து முள்வேலி. நடுவுல ஒரு மாட்டுவண்டி போற அகலத்துக்கு மண் தடம். எதிர்ல இன்னொரு வண்டி வந்தா ரெண்டுல ஒண்ணு பின்னால போயே ஆகணும். அன்னைக்கு எனக்கு எதிர்ல ஒரு வண்டி வந்தது.

அதுக்கு முன்னால என் காரைப் பத்திச் சொல்லணும்.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். கோயம்புத்தூர்ல எரிஞ்சு போன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுத்திக் காயில் கட்டுற கடை வச்சிருந்தேன். கிணத்து மோட்டார், மில்லு மோட்டார், எது புகைஞ்சாலும் நம்ம கடைக்கு வரும். அப்படி வேலைக்குப் போன ஒரு மில்லுலதான் அந்தக் காரை முதல்ல பார்த்தேன். வெளிநாட்டுக் கார். முதலாளியோடது. பாலாடை நிறம். முன்னால வெள்ளி மாதிரி பட்டை. உள்ளே தோல் சீட்டு. மரத்துல செஞ்ச டேஷ்போர்டு, அதுல வட்டமா ஒரு கடிகாரம். நாங்க மோட்டாரைத் தோள்ல தூக்கிட்டு அதைத் தாண்டிப் போகும்போது சட்டை படாம ஒதுங்கிப் போவோம். பட்டா வாட்ச்மேன் சத்தம் போடுவார்.

அப்புறம் அந்த மில்லை மூடிட்டாங்க. 91-ல ஒரு நாள் கழிச்ச செம்புக் கம்பியைப் போட உக்கடத்துக்குப் போனேன். பழைய இரும்புக் கடை வாசல்ல அந்தக் கார் நிக்குது. கேஸ் வச்சு அறுக்க ஆள் வந்தாச்சு. முன் கதவைக் கழட்டிக் கீழே சாய்ச்சு வச்சிருந்தாங்க.

கடைக்கார பாய் எனக்கு ரொம்ப நாள் பழக்கம். நான் கம்பியை எடை போடாம காரையே பார்த்துட்டு நின்னதைக் கவனிச்சிருக்கார். எடைக்கு என்ன வருதோ அதைக் குடுத்து எடுத்துக்கங்கன்னு சொன்னார். அறுக்க வந்த ஆளை டீ குடிக்க அனுப்பினார். அப்புறம் வண்டியோட குறையெல்லாம் அவரே ஒண்ணொண்ணாச் சொன்னார். எஞ்சின் எண்ணெய் குடிக்கும். இடது பக்கப் பின் கண்ணாடி இறங்கினா ஏறாது. கடிகாரம் நாலு பத்துல நின்னு போச்சு. ஒரு சக்கரத்துக்கு மூடி இல்லை. எல்லாத்தையும் ஒரு தடவை சொன்னார். ஒண்ணை மட்டும் ரெண்டு தடவை சொன்னார்.

"இது முன்னால போகும். பின்னால போகாது. அதை மனசுல வச்சுட்டு ஓட்டுங்க."

ரிவர்ஸ் கியருக்கு இருக்கிற பல்சக்கரத்துல பல்லெல்லாம் உதிர்ந்து போச்சு. அந்தச் சாமான் இந்த நாட்டுல கிடைக்காது. நான் அதைப் பெரிசா எடுத்துக்கலை. கோயம்புத்தூர்ல கடைஞ்செடுக்க முடியாத சாமானா?

வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அதுக்கு முந்தின வருசம்தான் வீடு கட்டியிருந்தோம். சம்சாரம் வெளியே வந்து பார்த்தா. காரைச் சுத்தி ஒரு நடை நடந்தா. "ஊடு கட்டியாச்சு, கப்பலும் வாங்கியாச்சு. இனிக் குழாய்ல தண்ணி வந்தாப் போதுமுங்க" அப்படின்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டா.

பெட்ரோல் போட்டு ஓட்டுறதுக்கு எனக்கு வக்கு இல்லை. ஒரு மாசம் ஓட்டிப் பார்த்துட்டு, பாய்கிட்டயே ஒரு பழைய வேன்ல கழட்டின டீசல் எஞ்சினை வாங்கி மாத்தினேன். அதுல இருந்து வண்டி முன்னால பார்த்தா மகாராஜா, சத்தம் கேட்டா மோட்டார் ரூம். பல்சக்கரத்தை லேத்துல குடுத்துக் கடைஞ்சு போட்டோம். மூணாம் நாள் பல்லு போச்சு. இன்னொரு தடவை வேற இரும்புல செஞ்சோம். அது ஒரு வாரம் வந்தது. கியர் பாக்ஸை இறக்கி ஏத்த நாலு நாள் ஆகும். நாலு நாள் கடையைப் பூட்ட முடியாது. விட்டுட்டேன்.

ரிவர்ஸ் இல்லாம ஒரு காரை ஓட்டுறதுக்குன்னு ஒரு புத்தி வேணும். போற இடத்தை முதல்லயே யோசிக்கணும். முட்டுச் சந்துக்குள்ளே போகக்கூடாது. சுவத்துக்கு முன்னால நிறுத்தக்கூடாது. என் கடை வாசல் ரோட்டைப் பார்த்துச் சரிவா இருக்கும். மூக்கை மேலே ஏத்தி நிறுத்துவேன். கிளம்பும்போது பிரேக்கை விட்டா தானா பின்னால உருண்டு ரோட்டுக்கு வந்துரும். நானும் பின்னால திரும்பிப் பார்த்துட்டே ஸ்டீயரிங்கை ஒடிப்பேன். பார்க்கறவங்க ரிவர்ஸ் எடுக்கறேன்னுதான் நினைச்சாங்க. சமமான இடத்துல மாட்டிக்கிட்டா, கிளட்ச் பிடிக்குதுன்னு ஒரு பொய் சொல்லி நாலு பேரைத் தள்ளச் சொல்லுவேன்.

உள்ளதைச் சொல்லிட்டுப் போயிருக்கலாம். சொல்லலை. மில் முதலாளி கார் வச்சிருக்கிற காயில்காரர்னு எனக்கு ஒரு பேர் வந்துருச்சு. அந்தப் பேரு எனக்குப் பிடிச்சிருந்தது. ரிவர்ஸ் இல்லாதது பாய்க்கும், லேத்துக்காரருக்கும், என் சம்சாரத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

நல்ல வண்டி. அதையும் சொல்லணும். டிக்கியில ரெண்டு மோட்டாரை வச்சாலும் மூக்கு தூக்காது. மோட்டாருக்கு அடிக்கிற வார்னீஷ் வாசமும் தோல் சீட்டு வாசமும் கலந்து உள்ளே ஒரு வாசம் வரும். இப்பவும் எங்கேயாவது வார்னீஷ் வாசம் வந்தா அந்த சீட்டு ஞாபகம் வருது. வருசத்துக்கு ஒரு தடவை சென்னிமலைக்குப் போவோம். சாமி கும்பிட்டுட்டு, கீழே நாலு போர்வை வாங்கிட்டு வருவோம். குழந்தைங்க ரெண்டும் பின் சீட்டுல அந்தப் புதுப் போர்வையைப் போட்டுத் தூங்கிடும். பள்ளத்துல இறங்கி ஏறுறதே தெரியாது. சம்சாரம் முன் சீட்டுல உக்காந்து நின்னு போன கடிகாரத்தைப் பார்த்து, "மணி நாலு பத்துத்தானுங்க ஆகுது, மெல்லப் போங்க" அப்படிம்பா. ஒவ்வொரு தடவையும் அதையே சொல்லுவா. நானும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பேன்.

இப்போ அக்காவைப் பத்தி.

எனக்கு ஒரே அக்கா. வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்துல கட்டிக் குடுத்தது. மச்சான் முறை பார்க்கிறவர். எங்க பக்கம் வீட்டுல ஒரு விசேசம்னா முதல் பத்திரிகை கூடப் பொறந்தவளுக்கு. புருசனும் பொஞ்சாதியுமா நேர்ல போய், தட்டத்துல வெத்தலை பாக்கோட வச்சுக் கூப்பிடணும். நான் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினது கோடையில. கோடையிலதான் கரண்டு இறங்கி மோட்டாரெல்லாம் புகையும். கடையில இருபது மோட்டார் கிடக்குது, விவசாயிங்க வாசல்ல உக்காந்திருக்காங்க. அக்கா ஊர்க்காரர் ஒருத்தர் மோட்டார் எடுக்க வந்தார். அவர்கிட்ட பத்திரிகையைக் குடுத்து, அக்கா வீட்டுல சேர்த்துருங்கன்னு சொல்லிட்டேன். அவர் அதை மோட்டார் கட்டின கயித்துல சொருகிட்டுப் போனார்.

கிரீஸ் ஒட்டின பத்திரிகை போய்ச் சேர்ந்திருக்கு. மச்சான் அதை வாங்கிப் பார்த்துட்டு, மோட்டாரைக் கூப்பிட்டிருக்காங்க, மோட்டாரே போகட்டும்னு சொன்னாராம். அக்கா வரலை. பால் காய்ச்சும்போது அக்கா நிக்க வேண்டிய இடத்துல யாரும் நிக்கலை. தப்பு என்னுதுதான். அன்னைக்கே போய்ச் சொல்லியிருக்கணும். நான் பாட்டுக்கு, எத்தனை மோட்டார் கிடந்ததுன்னு அவருக்குத் தெரியுமான்னு நினைச்சுட்டு இருந்தேன். அப்படியே பேச்சு நின்னு போச்சு.

கார் வாங்கி ரெண்டு வருசம் கழிச்சு ஒரு பொங்கலுக்கு மனசு கேட்கலை. அக்காவுக்கு ஒரு சேலை எடுத்தேன். ஒரு கட்டுக் கரும்பைக் கார் மேல கட்டினேன். சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லை, தனியாப் போனேன். அக்கா தோட்டத்து வாசலுக்குப் போய் மெதுவா நிறுத்திப் பார்த்தேன். வாசலுக்குள்ளே ஒரு பக்கம் வைக்கோல் போர், ஒரு பக்கம் தண்ணித் தொட்டி. உள்ளே நுழையலாம். திரும்ப இடம் இல்லை. நுழைஞ்சா பின்னாலதான் வரணும். மச்சான் முன்னால நின்னுட்டு, தள்ளுங்கன்னு எப்படிச் சொல்றது? பின்னால பால் வண்டி வந்து ஹாரன் அடிச்சான். முன்னால நகர்ந்தேன். எங்கேயாவது நிறுத்தலாம்னு போய்ப் போய் மெயின் ரோட்டுக்கே வந்துட்டேன்.

அங்கே ஒரு புளியமரத்தடியில நிறுத்திட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். கரும்பைத் தோள்ல போட்டுட்டு நடந்து போயிருக்கலாம். ஒரு மைல் இருக்கும். கார்ல வந்தவன் ஏன் நடந்து வர்றான்னு கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். யோசிச்சு யோசிச்சுக் கோயம்புத்தூருக்கே திரும்பிட்டேன். யாரும் பார்க்கலைன்னுதான் நினைச்சேன்.

அதுக்கப்புறம் மூணு வருசம் ஓடிப்போச்சு. அக்கா மகளுக்கு வைகாசியில கல்யாணம்னு கடைக்கு வந்த ஒருத்தர் சொன்னார். ஊர் பூராப் பத்திரிகை வச்சுட்டாங்களாம். எனக்கு வரலை. நான் தாய்மாமன். மாமன் நிக்காம அந்தப் பொண்ணு மணவறையில உக்காந்தா, அதுக்கு மேல எங்களுக்குள்ளே எதுவும் மிச்சம் இல்லைன்னு அர்த்தம். சம்சாரம் நாமளே போகலாமுங்கன்னு தினமும் சொன்னா. நான் கடைக்குக் கிளம்பிடுவேன். ராத்திரியில தூக்கம் வரலை.

இப்போ இட்டேரிக்கு வர்றேன்.

அந்தச் சித்திரையில ஒரு தோட்டத்துக்காரருக்குக் காயில் கட்டின மோட்டாரை டிக்கியில வச்சுட்டுப் போனேன். தோட்டத்துல வெங்காயம் வாடிக் கிடக்குதுன்னு சொல்லியிருந்தார். இட்டேரிக்குள்ளே பாதி தூரம் போயிருப்பேன். எதிர்ல ஒரு வெள்ளை அம்பாசிடர் வந்து நின்னது. வாடகைக் கார்.

எனக்குப் பின்னால அம்பதடியில ஒரு தோட்டத்து வாசல் இருந்தது. அங்கே ஒதுங்கி வழி விடலாம். அவங்களுக்குப் பின்னால ரெண்டு பர்லாங்குக்கு ஒதுங்க இடம் இல்லை. முறைப்படி நான்தான் எடுக்கணும். அம்பாசிடர்காரன் லைட்டைப் போட்டுக் காட்டினான். நான் நகரலை. ஹாரன் அடிச்சான். நகரலை. டிரைவர் இறங்கி வந்து, "ஏனுங்க, பக்கத்துலயே வாசல் இருக்குதுங்களே, கொஞ்சம் பின்னால எடுங்க" அப்படின்னான்.

கிளட்ச் பிடிக்குதுன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அப்போ அந்தக் கார்ல பின் கதவு திறந்தது. மச்சான் இறங்கினார்.

ஆறு வருசத்துல தலை நரைச்சிருந்தது. கையில மஞ்சப்பை. பை நிறையப் பத்திரிகை. பின் சீட்டுல அக்கா. மடியில வெத்தலைத் தட்டம். ஒறம்பரை சொந்தங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிடத்தான் போயிட்டிருந்தாங்க. அக்கா என்னைப் பார்த்தா. இறங்கலை. முகத்தைத் திருப்பி வேலியைப் பார்த்தா.

மச்சான் என்னைப் பார்த்துப் பேசலை. டிரைவரைப் பார்த்துத்தான் பேசினார். "மில்லுக்காரங்க காரு. பின்னால போகாதாட்ட இருக்குது. நாம சின்னவங்கதானே, நாமளே எடுத்துக்கலாம். வாப்பா."

சொல்லிட்டுத் திரும்பி நடந்தார்.

அவர் கார்ல ஏறிட்டா முடிஞ்சது. எனக்கு அது நல்லாத் தெரிஞ்சது. அந்த மஞ்சப்பையில எனக்குப் பத்திரிகை இருக்காது, இனி எப்பவும் இருக்காது. வேலிமுள் இடிக்கக் கதவைப் பாதி திறந்து, சட்டை கிழிய இறங்கினேன்.

"ஆமாங்க மச்சான். போகாதுங்க. இதுக்கு ரிவர்ஸ் கியரே இல்லீங்க."

ஆறு வருசத்துல நான் அவர்கிட்ட பேசின முதல் பேச்சு அதுதான்.

அவர் நின்னார். நம்பலை. திரும்பி வந்து என் கார்ல ஏறி உக்காந்தார். டிராக்டர் ஓட்டுறவர், கியர் தெரியும். கியர் கம்பியைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தார். கரகரன்னு சத்தம் வந்தது. இன்னொரு தடவை பார்த்தார். அதே சத்தம். எஞ்சினை நிறுத்தினார்.

"எத்தனை நாளா இப்படி?"

"வாங்கினதுல இருந்தேங்க."

அவர் யோசிச்சார். அப்புறம் கேட்டார். "அப்போ அந்தப் பொங்கலுக்கு?"

யாரும் பார்க்கலைன்னு நான் நினைச்சது தப்பு. பார்த்திருக்காங்க. உள்ளே திரும்ப இடம் இல்லீங்க, அதனால போயிட்டேனுங்கன்னு சொன்னேன். அதுக்குள்ளே அக்கா இறங்கி வந்துட்டா. வேலியோரமா, சேலையை முள்ளுல இழுத்துட்டு வந்தா.

"கார் மேல கரும்பு தெரிஞ்சுது கண்ணு. எனக்குத்தான்னு நினைச்சு, கையில சாணியோட வாசலுக்கு ஓடியாந்தேன். நீ போயிட்டே."

அவ்வளவுதான் சொன்னா. திட்டலை.

நான் பத்திரிகை அனுப்பினது பெரிய கோபம் இல்லையாம். அது ஒரு வருசத்துல ஆறியிருக்குமாம். தம்பி காரைக் கொண்டாந்து வாசல்ல காட்டிட்டு, எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டான்னு ஊரே பேசினதுதான் அவங்களுக்குத் தாங்கலை. நான் ஒரு பல்சக்கரத்தை மறைச்சேன். அவங்க மூணு வருசம் அதுக்கு வேற அர்த்தம் வச்சுட்டு இருந்திருக்காங்க.

நான் நின்ன இடத்துலயே சொன்னேன். "பத்திரிகையை நான் நேர்ல கொண்டாந்து வச்சிருக்கணுமுங்க. பொங்கலுக்கு நடந்தாவது வந்திருக்கணுமுங்க. ரெண்டும் என் தப்புங்க."

மச்சான் துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சார். ரொம்ப நேரம் துடைச்சார். அப்புறம், "ஏன்டா, ரிவர்ஸ் இல்லேங்கறதைச் சொல்றதுக்கு மூணு வருசமா?" அப்படின்னார்.

அந்த 'டா'வைக் கேட்டு எனக்கு ஆறு வருசம் ஆயிருந்தது. அக்கா சிரிச்சா. அவ சிரிச்சதும் டிரைவரும் சிரிச்சான்.

அப்புறம் நடந்ததுதான் என்னால மறக்க முடியாதது. மச்சான் என் காரை விட்டு இறங்கலை. பக்கத்து சீட்டுக்கு நகர்ந்து உக்காந்துட்டு, தள்ளவெல்லாம் வேண்டாம்னு அம்பாசிடர் டிரைவரைப் பின்னால எடுக்கச் சொன்னார். ரெண்டு பர்லாங்கு. அம்பாசிடர் மூக்கும் என் கார் மூக்கும் நாலடி இடைவெளியில. அது பின்னால போகுது, நான் முன்னால போறேன். டிரைவர் கழுத்தைத் திருப்பிட்டு ஓட்டுறான். அக்கா முன் சீட்டுக்கு மாறி எங்களைப் பார்த்து உக்காந்திருக்கா. சேலைத் தலைப்பால வாயைப் பொத்திட்டுச் சிரிச்சுட்டே வர்றா. சிரிக்கிறாளா அழுகிறாளான்னு ஒரு இடத்துல தெரியலை. மச்சான் டேஷ்போர்டு மரத்தைத் தடவிப் பார்த்தார். கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். "ஏன் மாப்ளே, காருக்குள்ளே மோட்டார் ஓடற மாதிரி சத்தம் வருது. டிக்கியில இருக்கிற மோட்டாரா, முன்னால இருக்கிற மோட்டாரா?" அப்படின்னார்.

இட்டேரி முடியற இடத்துல இறங்கினோம். எனக்கு அங்கேயே பத்திரிகை குடுப்பாருன்னு நினைச்சேன். கையைக்கூட நீட்டினேன். மச்சான் பையை மூடிட்டார். என் சம்சாரத்தை அவர் தங்கச்சின்னுதான் சொல்லுவார்.

"தங்கச்சி பக்கத்துல இல்லாம, நடுத்தடத்துல வச்சா வைக்கிறது? ஞாயித்துக்கிழமை ஊட்டுக்கு வாரோம். எங்க பத்திரிகையில கிரீஸ் இருக்காது."

சொன்ன மாதிரியே ரெண்டு பேரும் வந்தாங்க. கோயம்புத்தூர்ல ஆறு வருசம் ஆன என் புது வீட்டுக்குள்ளே அக்கா அன்னைக்குத்தான் முதல்ல கால் வச்சா. நேரா சமையல் ரூமுக்குப் போய்ப் பால் காய்ச்சினா. யாரும் அவளைக் காய்ச்சச் சொல்லலை.

வைகாசியில கல்யாணம். மாமன் சீர்த் தட்டங்களைக் கார்ல வச்சுட்டு, சம்சாரம் குழந்தைங்களோட முந்தின நாள் சாயங்காலம் போனேன். காரை மெயின் ரோட்டுலயே விட்டுட்டு நடக்கலாம்னு முடிவு பண்ணியிருந்தேன். அங்கே மச்சானே நின்னுட்டிருந்தார். நேரா உள்ளே விடு மாப்ளேன்னார். பின்னால வர முடியாதுங்களேன்னு நான் சொன்னதுக்கு, நீ விடுன்னார்.

விட்டேன். வைக்கோல் போரைக் காணோம், இடம் மாத்தியிருந்தாங்க. தண்ணித் தொட்டி அப்படியே இருந்தது. அதுக்கு அந்தப் பக்கம் முப்பது வருசத்து வேலியில ஒரு கார் அகலத்துக்குப் பிரிச்சுவிட்டு, மண்ணைக் கொத்திச் சமன் பண்ணியிருந்தார். வாசல்ல நுழைஞ்சு, தொட்டியைச் சுத்தி, அந்தச் சந்து வழியா நேரா தடத்துக்குப் போயிடலாம். பின்னால எடுக்க வேண்டிய வேலையே இல்லை.  நான் தொட்டியை ஒரு தடவை சுத்தி வந்து நிறுத்தி, தட்டங்களை இறக்கினேன்.

கல்யாணத்துக்கு அப்புறம் மூணு வருசம் அந்தக் காரை ஓட்டினேன். யார் கேட்டாலும் ரிவர்ஸ் இல்லீங்கன்னு முதல்லயே சொல்லிருவேன். கடைக்கு வர்றவங்க சிரிச்சுட்டுத் தள்ளி விடுவாங்க. மோட்டார் வேலை ஒண்ணும் குறையலை. அடியில துரு ஏறி, ஒரு மழைக்காலத்துல மிதிக்கிற இடமே ஓட்டை விழுந்தது. பாய்கிட்டயே கொண்டு போய் விட்டேன். அறுக்கறதைப் பார்க்காம வந்துட்டேன்.

மச்சான் இப்போ இல்லை. அக்கா இருக்கா. வேலி மத்த இடத்துல எல்லாம் கம்பி வேலி ஆயிருச்சு. அந்த ஒரு கார் அகலச் சந்தை மட்டும் அடைக்க விடமாட்டேங்கறா. ஆடு வருது, மாடு வருது, அடைச்சுப்போடலாம்னு அவ மருமகன் எத்தனையோ தடவை சொல்லிட்டான். தம்பி வந்தா திரும்பணும்னு சொல்றாளாம். நான் இப்போ பஸ்ஸுலதான் போறேன். ஆனாலும் வாசல்ல நுழைஞ்சு, தொட்டியைச் சுத்தி அந்தச் சந்து வரைக்கும் ஒரு நடை போயிட்டுத்தான் வீட்டுக்குள்ளே போவேன். என் குறையை நான் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னதுக்கு ஒரு மனுசன் தன் வேலியையே பிரிச்ச இடம் அது.